பிடரியை வெட்டலாமா, விடலாமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

சென்ற மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய மாணவி வாட்ஸ்அப்பில் பேசினாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், இப்போது அங்கே செவிலியர். "சார், குதிரைக்கு முடி வெட்டணும். வெட்டலாமா வேண்டாமான்னு வீட்ல ரெண்டு நாளா சண்டை" என்றாள். சின்ன வயதில் ஜட்கா வண்டியில் ஏறியதோடு சரி, எனக்கும் குதிரைக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. அதைச் சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒரு வரலாறு இருக்குன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க" என்று மடக்கிவிட்டாள்.

அவளுடைய பதின்மூன்று வயது மகள் ஒரு 'காப்' குதிரை வளர்க்கிறாள். காப் என்பது குட்டையான, தடித்த கழுத்தும் அகன்ற உடம்பும் கொண்ட குதிரை. சாதுவான குணம். வண்டியும் இழுக்கும், தாத்தாவையும் சுமக்கும். அந்தப் பெண்ணின் குதிரை கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிறது. பிடரி மயிர் தோளைத் தாண்டித் தொங்குகிறது. தொல்லை அந்தப் பிடரியில்தான். அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கொசுவை விடச் சிறிய ஒரு பூச்சி வரும். அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒவ்வாது. தாங்க முடியாத அரிப்பு. வேலிக் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழுத்து புண்ணாகி ரத்தம் கசிகிறது. பிடரியை ஒட்ட மழித்துவிட்டால் மருந்து தடவலாம், பூச்சி தடுக்கும் போர்வையும் ஒழுங்காக உட்காரும் என்கிறாள் தாய். மகளோ அழுகிறாள்.

ஒட்ட மழிப்பதற்கு அங்கே 'ஹாகிங்' என்று பெயர். மிச்சமிருக்கும் மயிர் பன்றி முதுகு போல விறைத்து நிற்பதால் வந்த பெயர். பெயர் அழகாக இல்லைதான்! வழக்கம் மிகப் பழையது. ஏதென்ஸ் பார்த்தினன் கோயிலின் கல் வரிசையில் பாய்ந்தோடும் குதிரைகள் பலவற்றுக்குப் பிடரி குட்டையாக நிமிர்ந்து நிற்கிறது. அது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. அடுத்த நூற்றாண்டில் குதிரை வளர்ப்பைப் பற்றி எழுதிய செனபன் என்ற கிரேக்கப் படைத்தலைவருக்கோ நீண்ட பிடரிதான் பிடிக்கும். அந்தக் காலத்தில் அங்கவடி கிடையாது. ஏறுகிறவன் பிடரியைப் பற்றிக்கொண்டுதான் தாவ வேண்டும். அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். நல்ல பிடரி உள்ள பெண் குதிரை ஆண் கழுதையை அண்ட விடாதாம், ஆகவே கோவேறு கழுதை உண்டாக்குகிறவர்கள் முதலில் அதன் பிடரியை வெட்டி விடுவார்களாம். கர்வத்தை மயிரோடு சேர்த்து வெட்டலாம் என்று நினைத்திருக்கிறார்கள்! குதிரையைக் கேட்டால் என்ன சொல்லியிருக்குமோ.

பிரிட்டனில் காப் குதிரைக்கு இரண்டு சரித்திரம் உண்டு. ஒன்று பணக்கார வீட்டு லாயத்தின் சரித்திரம். போட்டிக்கு வரும் காப் 155 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. பிடரி மழித்திருக்க வேண்டும், கால் மயிர் வெட்டியிருக்க வேண்டும். தடித்த கழுத்தின் வளைவு எடுப்பாகத் தெரியத்தான் இந்த ஏற்பாடு. மற்றொன்று ரோமா மக்களும் ஐரிஷ் நாடோடிகளும் வளர்த்த வண்டிக் குதிரையின் சரித்திரம். அவர்களுக்கு மயிர்தான் செல்வம். கம்பிரியா மாவட்டத்தின் ஆப்பிள்பி ஊரில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் கூடும் குதிரைச் சந்தையில், ஈடன் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டி, பிடரியையும் குளம்பை மூடும் மயிரையும் பளபளவென்று காட்டுவார்கள். என் மாணவியின் மகள் அழுதது இந்த இரண்டாவது சரித்திரத்துக்காக. அவளுக்கே அது தெரியாது.

வெட்டுவதால் கேடு வராதா என்றால், வந்திருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் குதிரைகளுக்குச் சொறி பரவியது. மருந்து தோலில் பட வேண்டுமென்று உடம்பு மயிரை எல்லாம் மிஷினால் வழித்தார்கள். 1917 ஏப்ரலில் ஆரஸ் சண்டை பனி கொட்டும்போது தொடங்கியது. மயிர் இழந்த குதிரைகள் குளிரில் ஏராளமாகச் செத்தன. சொறிக்கு வழித்தது தப்பில்லை, காலத்தைப் பார்க்காததுதான் தப்பு.

வாலின் கதை இன்னும் மோசம். கடிவாள வார் வாலில் சிக்குகிறது என்றும், பிறகு வெறும் அழகுக்காகவும், வாலை எலும்போடு சேர்த்து வெட்டினார்கள். மழித்த பிடரி, மொட்டை வால், இதுதான் அன்றைய காப் குதிரையின் லட்சணம். ஆனா சூவல் 1877-இல் எழுதிய 'பிளாக் பியூட்டி' நாவலில் வாலறுந்த சர் ஆலிவர் என்ற குதிரை, ஈ விரட்டக்கூட வழியில்லாமல் போனதைச் சொல்லும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். அந்தக் கொடுமையைச் சட்டம் போட்டுத் தடுக்க 1949 வரை ஆனது. பிடரி மழிப்பதை அந்தச் சட்டம் தொடவில்லை. எலும்பு திரும்ப வளராது, மயிர் வளரும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அழகுக்காக என்றால் நானும் உன் மகள் பக்கம்தான், புண்ணுக்காக என்றால் வெட்டு என்றேன். ஆனால் பிடரியும் ஈ விரட்டுகிற உறுப்புதான், ஆகவே வெட்டிய அன்றே கழுத்துவரை போர்வை போட வேண்டும், முதலில் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள் என்றும் சொன்னேன். பழைய நீளம் வரச் சில ஆண்டுகள் ஆகும், நடுவில் ஒரு கட்டத்தில் தேய்ந்த பிரஷ் போல நிற்கும். பெண்ணிடம் இதை மறைக்காதே என்றேன். பழனியில் மொட்டை போட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோல "நாளைக்கே வந்துடும்" என்று ஏமாற்றக் கூடாதல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது. கழுத்து மழித்திருக்கிறது, புண்ணில் வெள்ளையாக மருந்து. நெற்றி மயிரை மட்டும் விட்டிருக்கிறார்கள். கண்ணில் ஈ மொய்க்காமல் இருக்க அது வேண்டும் என்று மகள் வாதாடினாளாம். வெட்டிய பிடரியைப் பின்னி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். குதிரை படத்தில் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது, கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.