முதுமையிலும் உடல் நலம், மன நலம் காப்போம்

கம்மாபுரம் வட்டாரத்தில் வயல் வேலையே வாழ்க்கையாக இருந்தவர்கள் உண்டு. 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பல்லாண்டுகள் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. வேலை நின்றதும் உடலுக்கு அசைவு குறைகிறது. பேச்சுத் துணையும் குறைகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் தனிமையும் சேர்ந்துகொள்கிறது. "வயசாயிட்டா அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடும் பல தொல்லைகள், கவனித்தால் சரியாகக் கூடியவை.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். முதுமை வேறு, நோய் வேறு என்பதே அந்த மருத்துவத்தின் அடிப்படை.

உடலுக்கு...

65 வயதைக் கடந்தவர்களும் வாரம் 150 நிமிடமாவது நடப்பது போன்ற மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெய்வேலி வெயிலில் அது காலை ஃபஜ்ருக்குப் பிறகோ மாலையிலோ இருக்கட்டும். பள்ளிவாசலுக்கு நடந்து போவதும் நடைதான்.

கீழே விழுவதுதான் பெரிய ஆபத்து. இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் படுக்கையிலேயே முடங்கிவிடுகிறார்கள். ஒளூ செய்யும் இடத்திலும் குளியலறையிலும் வழுக்காத தரையும் கைப்பிடியும் வேண்டும். இரவில் சிறு விளக்கு எரியட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென எழக்கூடாது. சற்று உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். முட்டி வலி இருந்தால் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தருகிறது.

சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை, இன்சுலின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பு பிடிக்க முடியாத நோயுற்ற முதியவருக்கு ஃபித்யா என்ற சலுகை உண்டு. அதைக் குறையாக நினைத்து வருந்த வேண்டியதில்லை.

மனதுக்கு...

தூக்கமின்மை, பசியின்மை, யாருடனும் பேசாமல் ஒதுங்குவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மறதி எல்லாமே டிமென்ஷியா அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, காது மந்தம் ஆகியவையும் அப்படித் தோன்றலாம். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு, பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பிப் பேசினால், கிருமித் தொற்றாகவோ நீர்ச்சத்துக் குறைவாகவோ இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உதவிக்கு...

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் கிடைக்கிறது. முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416.

எந்த மாத்திரையும் பெற்றோரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாகாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு, தினமும் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். "மாத்திரை போட்டீங்களா அத்தா?" என்பதோடு நிறுத்தாமல், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.