அரக்கனால் நடக்க முடியுமா?

கதைகளில் வரும் அரக்கனை நீங்கள் அறிவீர்கள். மனிதனைப் போன்ற அதே உருவம். உயரம் மட்டும் பத்து மடங்கு. அவனால் நடக்க முடியுமா? வீட்டுக்காவலில் இருந்த கலிலியோ, 1638-இல் லெய்டன் நகரில் வெளியான தம் நூலில் இத்தகைய அரக்கர்களையும் ஆராய்ந்தார். பெரிய கப்பல்களுக்கு ஏன் கூடுதல் முட்டுகள் தேவை என்ற கேள்வியில் தொடங்கிய நூல் அது.

நீங்களே கணக்கிடுங்கள். உயரம், அகலம், தடிப்பு மூன்றும் 10 மடங்கானால் எடை 1000 மடங்காகும். எலும்பின் வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது; அது 100 மடங்கே பெருகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பத்து மடங்கு சுமையைத் தாங்கவேண்டும்.

மனிதத் தொடையெலும்பு ஏறக்குறைய இந்தச் சுமையில் முறிந்துவிடும் என்று 1926-இல் உயிரியல் அறிஞர் ஹால்டேன் எழுதினார். அரக்கனின் முதல் அடியே அவன் காலை முறித்துவிடும்! யானையின் கால்கள் தூண்போல் பருத்திருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?