புனைதல்

புனைதல் செயப்படுபொருள் குன்றாவினை. புனைந்தான், புனைகிறான், புனைவான் என நடக்கும். அழகுசெய்தல் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. பூவைத் தொடுத்துக் கட்டுதல், அணிதல், தீட்டுதல், செய்யுள் இயற்றுதல் ஆகியனவும் இதன் பொருள்களே.

சங்கப் பாடல்களில் இது வினைத்தொகையாக நிற்கும்போதுதான் இதன் நயம் முழுதும் விளங்கும். புனைகழல் வீரனுடையது, புனையிழை மகளிருக்குரியது. புனையிழை என்றால் இழையைப் புனைந்தவர் யார்? செய்த கொல்லனா, பூண்ட தலைவியா? இலக்கணம் இருவருக்கும் இடம் தருகிறது. தொழில்திறம் அமைந்த நகை என்று கொள்வதே பொருத்தம்.

நெடுநல்வாடையில், பாசறைக்குச் சென்ற கணவனைப் பிரிந்து அணிகலன் களைந்திருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாமல் கோட்டால் மட்டும் வரைந்த ஓவியம் என்று நச்சினார்க்கினியர் விளக்குகிறார். மணிமேகலையிலும் இத்தொடர் வருகிறது. அழகுசெய்யும் வினையை மறுத்துப் பெற்ற சொல் ஓர் அழகுக்கே பெயராயிற்று. இவ்வினையின் வரலாற்றில் இதனினும் சிறந்த ஆட்சி இல்லை.

நன்னூல் (13ஆம் நூற்றாண்டு) அணிந்துரை, புனைந்துரை இரண்டையும் பாயிரத்தின் பெயர்களாகச் சொல்கிறது. முன்னது இன்றும் நூல்களின் முதற்பக்கங்களில் வாழ்கிறது. பின்னதற்கு மிகைப்படக் கூறல் என்ற பொருளே எஞ்சியது. ரா. கிருஷ்ணமூர்த்தி 'கல்கி' ஆனதும், சொ. விருத்தாசலம் 'புதுமைப்பித்தன்' ஆனதும் புனைபெயரால்; அவர்கள் எழுதியவை புனைகதை. அழகுக்காகச் சேர்ப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் இவ்வாறு ஒரே வினையில் அடங்கின.

வடக்கிலிருந்து வந்து வழக்கில் கலந்த ஜோடித்தலும் இதே வழியில் போனது. திருவிழாவில் தேரையும் பூப்பல்லக்கையும் ஜோடிக்கிறார்கள்; பொய்வழக்கையும் ஜோடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இது சோடித்தல், சோடனை என வழங்கும். அலங்கரித்தல் வடசொல் வழி வந்தது. தண்டியலங்காரம் (12ஆம் நூற்றாண்டு) 35 பொருளணிகளை வகுத்துரைக்கிறது. அலங்கரித்தல் மட்டும் ஏனோ பொய் என்ற பழிக்குத் தப்பியது.

இந்தப் பொருள்மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அந்தமானில் வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமான மாயாபந்தர் பல மொழியினர் கூடிவாழும் ஊர். பர்மாவிலிருந்து 1925இல் வந்த கரேன் மக்களும், கிழக்கு வங்கத்திலிருந்து குடியேறியவர்களும், தமிழரும் அப்பகுதியில் உள்ளனர். அங்குள்ள வங்காளிகளின் 'ஷாஜானோ' என்ற வினை மணப்பெண்ணை அலங்கரிப்பதையும் குறிக்கும். பொய்யாகப் புனைந்த வழக்கையும் அவர்கள் 'ஷாஜானோ மாம்லா' என்றே சொல்கிறார்கள்.

இன்றைய பேச்சுத்தமிழில் புனைதல் அநேகமாக இல்லை. அலங்கரித்தல், ஜோடித்தல், சிங்காரித்தல் ஆகியவை வழங்குகின்றன.