ஆறாவது சிக்கல் பிறந்த கதை

சர்க்கரை நோய் உடம்பில் எங்கெங்கே கை வைக்கும் என்ற கேள்விக்கு மருத்துவத்தில் நெடுநாளாக ஐந்து பதில்கள் இருந்தன: கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய்கள், எளிதில் ஆறாத புண். 1993-இல் ‘டயாபட்டீஸ் கேர்’ இதழில் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் மருத்துவர் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார். அது ஈறு நோய். சொத்தை துளியும் இல்லாத பல்லைக்கூட வேரோடு ஆடவைத்து விழச்செய்யும் நோய் அது. ‘ஆறாவது சிக்கல்’ என்று கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் முந்நூறு ஆண்டுத் தேடல் இருக்கிறது. அதில் இலங்கை மலையகத் தமிழர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

முதலில், பல் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். பல்லின் வேர் தாடை எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சந்து. அதற்குள் நெருக்கமாக ஓடும் கொலாஜன் நார்கள் ஒரு முனையில் வேரையும் மறுமுனையில் எலும்பையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முறுக்கைக் கடிக்கும்போது விழும் அழுத்தத்தை வாங்கிப் பரப்புவது இந்த நார்கள்தாம். எனவே வேரின் பலம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, அதைச் சுற்றியுள்ள நாரின் பலமும் எலும்பின் உயரமும்தான். வெள்ளம் அரித்த ஆற்றங்கரையில் நிற்கும் தென்னைக்கு மரத்தில் குறை ஏதும் இருக்காது. மண் போய்விட்டது, அதனால் சாய்கிறது. ஈறு நோயில் பல்லுக்கு நேர்வதும் அதுதான்.

அரிப்பது யார் என்பதை முதலில் கண்ணால் கண்டவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹூக். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கும் மனிதர் அவர். அப்படியும் பல்லிடுக்கில் மாவுபோல் வெள்ளையாக ஏதோ தங்குகிறதே என்று அதைச் சுரண்டித் தண்ணீரில் கலந்து, தானே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே உயிர்கள் நெளிந்தோடின. 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைக் கடிதமாக எழுதினார். ஆயினும் அந்த உயிர்களுக்கும் பல் விழுவதற்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். 1844-இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற சக பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்து மயங்கியிருக்க, அவருடைய கடைவாய்ப் பல்லை வலியில்லாமல் பிடுங்கியவர் இவர்தான். அவரே பின்னாளில், ஈறில் சீழ் வைத்துப் பல் ஆடுவதற்குக் காரணம் வேரில் படியும் காரைதான் என்றும், அதைச் சுரண்டி எடுத்தால் ஆட்டம் காணும் பல்லையும் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். 1876-இல் அதை விரிவாக எழுதினார். அந்த நோயையே ‘ரிக்ஸ் நோய்’ என்று கொஞ்சகாலம் அழைத்தார்கள். இன்று பல் மருத்துவமனையில் ‘கிளீனிங்’ என்கிறோமே, அதன் மூதாதை இந்தச் சுரண்டல்தான்.

கிருமியே காரணம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது 1965-இல் வெளியான ஒரு சோதனை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் நல்ல ஈறு கொண்ட 12 பேரிடம் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் எல்லாருடைய ஈறும் சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. படிந்த கிருமிப் படலம் ஈறைக் கெடுக்கிறது. படலம் போனால் ஈறு தேறுகிறது. இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு தெளிவான விடை தந்தது அபூர்வம்.

ஆனால் ஈறு சிவப்பது வேறு, எலும்பு கரைவது வேறு. சிவந்த ஈறு எல்லாமே கடைசியில் எலும்பைத் தின்றுவிடுமா? அதை அறிய ஆண்டுக்கணக்கில் பார்த்தாக வேண்டும். 1969-இல் ஆஸ்லோவில், சிறுவயது முதல் பல் மருத்துவம் பெற்று வளர்ந்த மாணவர்களும் கல்வியாளர்களுமாக 565 ஆண்களை லோ பரிசோதித்தார். மறுபக்கம் வைத்துப் பார்க்க, பிரஷ்ஷோ பல் டாக்டரோ அண்டாத மனிதர்கள் தேவைப்பட்டார்கள். 1970-இல் அவர் இலங்கைக்கு வந்தார். பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹேரோ என்ற இரு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்களின் வாயைப் பரிசோதித்தார்.

ஏன் இவர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததி இவர்கள். 1948-இன் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் குடியுரிமை இழந்திருந்தார்கள். லயம் என்னும் தோட்ட வரிசை வீடுகளின் வாழ்க்கையில் பல் மருத்துவம் எட்டிப்பார்த்ததே இல்லை. விஞ்ஞானத்துக்குத் தேவைப்பட்டது இவர்களுக்கு நேர்ந்த புறக்கணிப்புதான்.

சோதனை முறை இன்றும் எந்தப் பல் மருத்துவமனையிலும் பார்க்கக் கூடியது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார்கள். நல்ல ஈறு என்றால் அது மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். பல்லின் பிடி எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது என்று ஒவ்வொரு பல்லிலும் அளந்து எழுதுவார்கள். 1985 வரை இப்படி அளந்ததில் கிடைத்த கணக்கு 1986-இல் வெளியானது.

எல்லாருடைய பல்லிலும் படலம் இருந்தது, காரை இருந்தது, ஈறு வீங்கியிருந்தது. சொத்தை மட்டும் அநேகமாக இல்லை. ஆகவே விழுந்த பற்கள் ஈறு நோயால்தான் விழுந்தன என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் அதிவேகமாகப் போனது. 45 வயதில் அவர்களுடைய பல்லின் பிடி சராசரியாக 13 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. முன்பல்லின் வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். நூற்றில் 81 பேருக்கு நோய் நிதானமாகப் போனது. அதே வயதில் 7 மில்லிமீட்டர். மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவே இல்லை. “வயசானா பல்லு விழத்தானே செய்யும்” என்று நம் வீடுகளில் சொல்கிற சமாதானத்தை இந்தக் கணக்கு உடைத்துவிட்டது. அதே வயது, அதே தோட்டம், அதே அழுக்கு. ஒருவர் வாயில் பல்லே இல்லை. இன்னொருவர் வாயில் அத்தனையும் உறுதியாக நிற்கின்றன. அப்படியானால் கிருமி மட்டும் போதாது, அதற்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது.

உடம்பின் பதிலைக் கெடுக்கும் காரணங்களில் தலையாய ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவில் அகப்பட்டது. கீலா ஆற்றங்கரையின் பீமா பழங்குடியினரிடையே இரண்டாம் வகை நீரிழிவு மிக அதிகம். 1965 முதல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அவர்களை ஆய்ந்துவந்தது. அங்கே ராபர்ட் ஜென்கோ முதலியோர் ஈறுகளையும் அளந்து 1990-91-இல் வெளியிட்ட முடிவு: நீரிழிவு உள்ளவர்களுக்கு எலும்பரிக்கும் ஈறு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்கு. அப்போது அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் அதே லோ. ஆர்ஹுஸ், பூண்டுலோயா, அரிசோனா மூன்றும் அவர் மேசையில் ஒன்றுசேர்ந்தன. ஆறாவது சிக்கல் பிறந்தது.

உள்ளே நடப்பதும் மெல்லத் தெளிவானது. ஈறின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் வாழும் போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற கிருமிகள் ஈறின் புரதங்களை நொதிகளால் அறுக்கின்றன. அவற்றை எதிர்க்க வெள்ளணுக்கள் வருகின்றன. சண்டை ஓயாமல் நீண்டால், எலும்பைக் கரைக்கும் செல்களை எழுப்பும் சமிக்ஞைகள் பெருகுகின்றன. எலும்பைக் கரைப்பது நம் சொந்தச் செல்கள்தாம். ரத்தத்தில் சர்க்கரை கூடிக் கிடந்தால் அது கொலாஜனில் ஒட்டிக்கொள்கிறது. நார் விறைத்துப்போகிறது, புதுப்பிக்க முடியாமல் தேங்குகிறது. சர்க்கரை ஒட்டிய புரதங்கள் செல்களின் மேலுள்ள ஓர் ஏற்பியைத் தட்டி வீக்கத்தை இன்னும் கிளப்புகின்றன. 2000-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஈவான்தியா லல்லாவும் ஆன் மேரி ஷ்மிட்டும் நீரிழிவு எலிகளில் அந்த ஏற்பியை அடைத்துக் காட்டினார்கள். எலும்பு இழப்பு குறைந்தது.

இந்தப் பாதை இருவழிப் பாதை என்பதும் பீமா மக்களிடமே தெரிந்தது. ஈறு மிகவும் கெட்டிருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை கட்டுக்குள் நிற்காமல் போகும் வாய்ப்பு கூடியதை 1996-இல் காட்டினார்கள். ஈறுக்கு வைத்தியம் செய்தால் சர்க்கரை இறங்குமா? ஒரு பெரிய சோதனை இல்லை என்றது, வேறு பல ஆம் என்றன. 2022-இல் காக்ரேன் அமைப்பு எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தது. வேர்வரை காரை நீக்கிய மூன்று நான்கு மாதங்களில், ரத்தச் சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 புள்ளி குறைந்திருந்தது. மாத்திரைக்கு இது மாற்று இல்லை. ஆனால் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்து மதிக்க வேண்டிய பலன்.

இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால், துலக்கும்போது வரும் ரத்தத்தைப் பல்பொடியின் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். சுகர் டாக்டரிடம் ஈறைப் பற்றிச் சொல்லுங்கள், பல் டாக்டரிடம் சுகர் அளவைச் சொல்லுங்கள். ஈறுக்கடியில் கம்பி வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கரைந்த எலும்பை முழுசாகத் திரும்பக் கொண்டுவருவது கடினம், மிச்சமிருப்பதைக் காப்பது எளிது.

அரசுகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நீரிழிவுக்காரரின் காலையும் கண்ணையும் பார்க்கும் ஒவ்வொரு சுகாதார நிலையமும் வாயையும் திறந்து பார்க்க வேண்டும். பெயர் பதியாத 480 தோட்டத் தொழிலாளரின் பற்கள் விழுந்த கணக்கிலிருந்துதான் உலகப் பல் மருத்துவம் பாடம் படித்தது. அந்தப் பாடத்தின் பலன் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாழும் லயங்கள்.