வலிக்குப் போட்ட ஊசி

1978-இல் நான் கால்நடை உதவி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தபோது, என் பையில் பாதி இடத்தைக் கயிறுதான் அடைத்திருக்கும். மாட்டை எப்படிச் சாய்ப்பது, எங்கே முடிச்சுப் போடுவது என்று பக்கம் பக்கமாகப் படித்திருந்தோம். அதற்கு எவ்வளவு வலிக்கும் என்று படித்தது சொற்பம். வலி இருந்தால்தான் மாடு காலை ஊன்றாது, காயம் சீக்கிரம் ஆறும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நாங்களும் நம்பினோம்.

வலியைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சத்தியமங்கலம் பக்கத்தில் மாடு வளர்த்த பெண்கள். "அசை போடலைங்க டாக்டரே", "காது தொங்கிப்போச்சுங்க", "ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்குதுங்க" என்பார்கள். மாடு நாயைப்போலக் கத்தாது. புலிக்கும் செந்நாய்க்கும் இரையான இனம், நோவை வெளியே காட்டினால் முதலில் மாட்டிக்கொள்ளும். முதுகைக் கூன்போட்டு நிற்பதையும், மடி வீங்கிய பசு கன்றைக் கிட்டே விடாததையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தாலும் அப்போது கையில் இருந்தது அனால்ஜின் மாதிரி ஒன்றிரண்டு மருந்துதான்.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் டைக்ளோஃபினாக் ஊசி வந்தது. விலை மலிவு. மூன்று நாள் காய்ச்சலில் காலையில் எழ முடியாமல் கிடந்த மாடு, சாயங்காலம் எழுந்து தட்டு கடிக்கும். ஊரே நம்மைக் கைராசிக்காரர் என்னும். அந்த சந்தோஷத்தை இப்போது மறைக்க விரும்பவில்லை.

சில வருடம் கழித்து ஒரு பட்டிக்காரப் பெரியவர் கேட்டார், "பாறுக் கழுகெல்லாம் எங்கங்க போச்சு? செத்த மாடு மூணு நாளாக் கிடந்து நாறுதுங்க." முன்பெல்லாம் காட்டோரம் போட்ட மாட்டை அரை நாளில் எலும்பாக்கிவிடும் கூட்டம். (திருக்கழுக்குன்றத்தில் பொங்கல் தின்ன வந்த இரண்டும் பாறு இனம்தான்.) "காடு அழிஞ்சா கழுகு எங்கே இருக்கும்?" என்று பெரிய மனுஷத்தனமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஊசி மருந்து என் பையில்தான் இருந்தது.

ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் குறைவதை முதலில் கவனித்துச் சொன்னவர் விபு பிரகாஷ். வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் நம் நாட்டில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஏதோ கிருமி என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். விடை பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. கண்டுபிடித்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கரும் கால்நடை மருத்துவர்தான். செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தால், சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. கிருமியும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. பாறு தின்பது செத்த மாட்டை. அப்படியானால் மாட்டுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று மருந்துக்கடைகளிலும் மருத்துவர்களிடமும் விசாரித்தார்கள். சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளைச் சோதித்ததில் 25-லும் டைக்ளோஃபினாக். வேறு காரணத்தால் செத்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

எல்லா மாட்டுக்குமா இந்த ஊசி போட்டோம் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த இனத்தை முடிக்கப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிணத்தில் கூட்டமாக அல்லவா உட்கார்ந்து தின்கிறது! ஊசி போட்டுப் பிழைத்த மாட்டால் பாதகமில்லை, மருந்து சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். போட்ட ஓரிரு நாளில் செத்த மாடுதான் விஷம். பிழைக்காது என்று தெரிந்தும், கடைசி நேரத்தில் துடிக்கக் கூடாதே என்று போட்ட ஊசிகள் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

மறுபடி மாட்டை வலியிலேயே விடச் சொல்வார்களோ என்ற பயமும் இருந்தது. நல்லவேளை, மெலாக்சிகாம் பாறுகளுக்குக் கெடுதல் செய்யாது என்று 2006-இல் நிரூபித்தார்கள். மாட்டுக்கான டைக்ளோஃபினாக்குக்கு அதே வருடம் தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி புட்டி கடையில் கிடைத்ததே! அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் 3 மில்லிக்கு மேல் புட்டி கூடாது என்றார்கள்; ஒரு மாட்டுக்கு நாலைந்து ஆம்பூலாவது உடைக்க வேண்டும் என்றால் யோசிப்பார்கள் இல்லையா? மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறும் அசிக்ளோஃபினாக்குக்கும், கீட்டோபுரோஃபெனுக்கும் தடை வர 2023 ஆகிவிட்டது.

வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள், வலிக்கு ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகாம் என்றால் போடச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் பாறு பார்த்த ஞாபகம் இருப்பவர்கள், கடைசியாக எந்த வருடம் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நான் குறித்து வைத்துக்கொள்கிறேன்.