பிள்ளை என்னும் திருநாமம்

குருபரம்பரையைக் கற்போர் 'பிள்ளை' என்னும் பெயரைப் பலவிடங்களிலும் காண்பர். பிற்காலத்தில் இது குலப்பெயராக வழங்கிவருவதால், அவ்வாசாரியர்களையும் ஒரு குலத்தவரெனக் கொள்ளும் மயக்கம் நேர்கிறது. அவரவர் வரலாற்றை நோக்கின் இம்மயக்கம் தெளியும்.

இப்பெயர் வந்த வழியை விளங்கக் காட்டுவது நம்பிள்ளையின் வரலாறு. நம்பூரைச் சேர்ந்த வரதராசர் என்பது அவருடைய இயற்பெயர். நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்குமாறு அவரிடம் அளித்தார். காவிரியைக் கடக்கையில் ஓலைச்சுவடி வெள்ளத்தில் போயிற்று. வரதராசர் தாம் கேட்ட பொருளை நினைவிற்கொண்டு மீண்டும் எழுதி, சிலவிடங்களில் சிறப்புப் பொருளும் சேர்த்துச் சமர்ப்பித்தார். நிகழ்ந்ததை அறிந்த நஞ்சீயர் உகந்து, அவரை 'நம்பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார். இப்பெயருக்கு அடி ஆசாரியனின் உகப்பே.

நம்பிள்ளையின் சீடர்களுள் இருவர் இப்பெயரால் விளங்கினர். சேங்கனூரில் அவதரித்த பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை அருளியவர். திருவரங்கத்தின் வடக்குத் திருவீதியில் வாழ்ந்தமையால் அத்திருநாமம் பெற்ற வடக்குத் திருவீதிப் பிள்ளை, ஆசாரியன் பகலில் அருளிய பொருளை இரவில் ஏட்டிலெழுதி வைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. இருவருக்கும் இயற்பெயர் கண்ணன் திருநாமமே. முன்னவர் கிருஷ்ணர், பின்னவர் கிருஷ்ணபாதர். ஆதலின் இயற்பெயரை மட்டும் கொண்டு நூலாசிரியரைத் துணிவது பிழைக்கு இடமாகும்.

கந்தாடைத் தோழப்பர் முதலில் நம்பிள்ளையை இகழ்ந்து, பின்னர் இரங்கி அவரை 'லோகாசாரியர்' என்று போற்றினார். வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் குமாரருக்கு அத்திருநாமத்தையே சாற்றினார். அக்குமாரரே பதினெட்டு ரகசியங்களை அருளிய பிள்ளை லோகாசாரியர். முன்னவரிடமிருந்து வேறுபாடு தோன்ற 'பிள்ளை' என்னும் சொல் முன்னே நின்றது.

பிள்ளை லோகாசாரியரின் திருவடி பணிந்தவர் விளாஞ்சோலைப் பிள்ளை. நலந்திகழ் நாரண தாசர் என்பது அவர் பெயர். ஈழவர் குலத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்துக் கோயிலினுள் புகும் உரிமை அவருக்கு இல்லை. விளாஞ்சோலையில் இருந்து கோபுரத்தையே நோக்கித் தியானித்திருந்தார். ஸ்ரீவசனபூஷணத்தின் சாரத்தைச் சப்தகாதையாக அருளினார். மதுரையில் அரசகாரியம் பார்த்திருந்த திருமலையாழ்வார் அவரை நாடிச் சென்று அந்நூலின் பொருள் கேட்டார். திருவாய்மொழியில் ஆழ்ந்த ஈடுபாட்டால் 'திருவாய்மொழிப் பிள்ளை' எனப்பட்டவரும், மணவாள மாமுனிகளுக்கு ஆசாரியருமானவர் இவரே.

கோயில் வாசலில் தடுக்கப்பட்ட ஒருவரிடமிருந்து ரகசியப்பொருள் மாமுனிகளின் ஆசாரியரை வந்தடைந்தது. பிள்ளை என்பதைக் குலப்பெயராகக் கொள்ளின் இத்தொடர்ச்சி புலப்படாது போகும். இவர்களுள் ஒருவர் ஆசாரியனின் உகப்பாலும், ஒருவர் வாழ்ந்த வீதியாலும், ஒருவர் இருந்த சோலையாலும், ஒருவர் ஓதிய நூலாலும் பெயர் பெற்றனர். பிறப்பைக் குறித்துப் பெற்றவர் ஒருவருமிலர்.