நோர்வேயின் சமாதானப் பணியும் திருகோணமலையும்

2002 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 45 இலட்சம் மக்களையே கொண்டிருந்த நோர்வே, சர்வதேச சமாதானப் பணியில் தனது அளவை விஞ்சிய இடத்தைப் பெற்ற நாடாகும். 1978 முதல் 1998 வரை தென் லெபனானில் நிலைகொண்ட ஐ.நா. படையில் அந்நாட்டினர் 20,000 க்கும் அதிகமானோர் பணியாற்றினர். 1993 ஒஸ்லோ உடன்படிக்கைக்குப் பின்னர், படை அனுப்பும் நாடு என்பதிலும் பார்க்க, பேச்சுவார்த்தைக்கு அனுசரணை வழங்கும் நாடு என்றே அது அறியப்படலாயிற்று. இப்புதிய பங்கின் எல்லை எது என்பதைத் திருகோணமலை மாவட்டம் துலக்கமாகக் காட்டியது.

2002 பெப்ரவரி 22 இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட யுத்த நிறுத்த உடன்படிக்கையின்படி நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளின் கண்காணிப்பாளர்கள் இலங்கை வந்தனர். அவர்கள் ஆயுதம் தரித்தவர்கள் அல்லர். மீறல்களை விசாரித்துத் தீர்ப்புரைப்பதே அவர்களது அதிகாரம்; தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. திருகோணமலையில் மாவட்ட அலுவலகத்துடன் கடற்கண்காணிப்பு அணியொன்றும் இயங்கியது.

உடன்படிக்கை வகுத்த மாவட்டக் குழுவில் ஐவர் இடம்பெற்றனர். அரசு நியமிக்கும் இருவர், புலிகள் நியமிக்கும் இருவர், தலைமை வகிக்கும் வெளிநாட்டவர் ஒருவர். 2012 குடிசன மதிப்பின்படி மாவட்டத்தின் மிகப் பெரிய சமூகமான முஸ்லிம்களுக்கு இக்குழுவில் உறுதிசெய்யப்பட்ட ஆசனம் எதுவும் இல்லை.

2006 மே மாத இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றிய உறுப்பு நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டுமெனப் புலிகள் கோரினர். ஜூலையில் புலிகள் மாவிலாற்று மதகை மூடினர். ஆகஸ்ட் முற்பகுதியில் மோதல் மூதூருக்குப் பரவியது. பல்லாயிரம் முஸ்லிம்களும் தமிழரும் இடம்பெயர்ந்தனர்; முஸ்லிம்களில் பெரும்பாலானோர் கந்தளாயில் தஞ்சமடைந்தனர். மதகைத் திறக்கும் முயற்சியாக ஆகஸ்ட் 6 இல் அங்கு சென்ற கண்காணிப்புக் குழுத் தலைவர், எறிகணை வீச்சினால் திரும்ப நேர்ந்தது. மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டமைக்குப் பாதுகாப்புப் படையினரே பொறுப்பு எனக் குழு அறிவித்தது. அரசு அதனை நிராகரித்தது. செப்டெம்பரில் நோர்வேயும், இராணுவமே இல்லாத ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. 2008 ஜனவரி 16 உடன் உடன்படிக்கை முடிவுற, குழுவும் வெளியேறியது.

சமாதான முயற்சி பெரும்பாலும் தோல்வியே என்பதை நோர்வேயின் ஏற்பாட்டில் 2011 இல் வெளியான மதிப்பீட்டறிக்கையும் மறைக்கவில்லை. சிறிய நாட்டின் பலம் ஆயுதமன்று. இரு தரப்பும் அதன் மீது வைக்கும் நம்பிக்கையே. ஆயினும் இரு தரப்பு என்ற கணக்கில் மூன்றாவது சமூகம் விடுபடுமாயின், மூதூர் போன்ற ஊர்களுக்கு அச்சமாதானம் காவலாக அமையாது. எதிர்காலத்தில் எந்த நாடு அனுசரணைக்கு முன்வந்தாலும் நினைவில் இருத்த வேண்டிய பாடம் இதுவாகும்.